கூண்டு தெரிகிறது, வலை தெரியவில்லை

எம் பள்ளி வகுப்பறைச் சுவரில் தமிழ்நாட்டு வரைபடம் ஒன்று தொங்குகின்றது. ஐந்திணைப் பாடம் நடத்துங்கால் குறிஞ்சி இது, முல்லை இது, மருதம் இது என்று அதில் தொட்டுக் காட்டுவது என் நெடுநாள் வழக்கம். நெய்தலுக்கு வரும்பொழுது விரல் கரையோரக் கோட்டில் மேலிருந்து கீழாக ஒருமுறை ஓடும், அவ்வளவே. ஓராண்டு அவ்வாறு விரலோட்டிக் கொண்டிருக்கையில், கடலோரச் சிற்றூரிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கள் அப்பா மீன்பிடிக்கும் இடம் இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டான். கோட்டுக்கு அப்பால் நீலம் மட்டுமே இருந்தது. அதனைக் காட்டினேன். அவன் அமர்ந்துவிட்டான்.

மறுநாள் அவன் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். தந்தை சொல்லச் சொல்ல இரவெல்லாம் வரைந்தானாம். கரையில் ஒரு கோபுரம், ஒரு கலங்கரை விளக்கம், ஒரு பனந்தோப்பு. அவற்றிற்கு நேர் எதிரே கடலுக்குள் பதினேழு இடப்பெயர்கள். ஒவ்வொரு பெயரின் அருகிலும் எந்த மாதத்தில், எந்தக் காற்றில், எந்த வலை என்னும் குறிப்பு. அச்சிட்ட படத்தில் வெறும் நீலமாகக் கிடந்த இடம், அம்மாணவனின் தாளில் வயல்வரப்புப் போல் பகுக்கப்பட்டுக் கிடந்தது. அத்தாளை இன்றும் வைத்திருக்கின்றேன். இக்கட்டுரைக்குக் கரணியம் அத்தாளே.

கடலை வரைந்து பகுக்கும் வேலை இப்பொழுது நாடுதோறும் நடந்து வருகின்றது. இன்ன பகுதி கப்பல் வழி, இன்ன பகுதி காற்றாலைக்கு, இன்ன பகுதி உயிரினக் காப்புக்கு, இன்ன பகுதி மீன் பண்ணைக்கு என்று கடலை முன்கூட்டியே வகுத்து வைப்பதனைக் கடற்பயன் வகுப்பு எனலாம். ஐரோப்பிய ஒன்றியம் தன் கடலோர உறுப்பு நாடுகள் யாவும் 2021 மார்ச்சு இறுதிக்குள் இத்தகைய வகுப்பைச் செய்து முடித்தல் வேண்டும் என 2014-இல் ஆணையிட்டது. நம் பக்கத்தில் நார்வே நாட்டின் துணையோடு நடுவணரசு முதலில் எடுத்துக்கொண்ட இரண்டு இடங்கள் புதுச்சேரியும் இலக்கத்தீவுகளும். புதுச்சேரியின் வகுப்பு வரைவு 2023-இல் வெளியிடப்பட்டது. எனவே இஃது எங்கோ நடக்கும் செய்தியன்று. தமிழன் வலைவீசும் நீரில் நடக்கும் செய்தி.

கடற்பயன் வகுப்பில் மீன் பண்ணைகளுக்குத் தனியிடம் உண்டு. கடலில் வட்ட வடிவான மிதவைக் கட்டமைத்து, அதிலிருந்து வலையைத் தொங்கவிட்டு, நங்கூரம் பாய்ச்சி, உள்ளே குஞ்சுகளை விட்டுத் தீனியிட்டு வளர்த்தெடுப்பது கூண்டுமீன் வளர்ப்பு. இத்தகைய கூண்டுகள் எங்கெங்கே, எத்தனை, எவருடையவை என்று தெரியாமல் கடலைப் பகுக்க முடியாது. நீரில் தீனியும் கழிவும் விழும், அடித்தரையில் படியும், கடற்புல் மாளும், ஒரு பண்ணையின் நோய் நீரோட்டத்தோடு மற்றொரு பண்ணைக்குச் செல்லும். ஆகவே பண்ணைகளை எண்ணிப் படத்தில் குறித்தல் முதற்பணி. அதில் நமக்கு மாறுபாடில்லை.

அப்பணி எவ்வளவு செவ்வையாக நடைபெற இயலும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நண்ணிலக்கடலை (மத்தியதரைக் கடலை)ச் சுற்றியுள்ள 16 நாடுகளின் பண்ணைகளை, அந்நாட்டு அரசுகளின் கணக்கேடுகளைக் கேளாமல், எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய கூகுள் எர்த் வான்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆய்வாளர் மூவர் எண்ணினர். அவ்வாய்வு 2012-இல் வெளிவந்தது. கரையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் 20,976 மீன்கூண்டுகளும், சூரைமீனுக்கான பெருங்கூண்டுகள் 248-உம் அவர்தம் கண்ணுக்குப் புலப்பட்டன. அவற்றுள் 49 விழுக்காடு கிரேக்க நாட்டிலும் 31 விழுக்காடு துருக்கியிலும் இருந்தன. கூண்டின் அளவையும் மீனின் நெருக்கத்தையும் கொண்டு, சூரை நீங்கலாக 2006-ஆம் ஆண்டின் விளைவு 2,25,736 டன் என மதிப்பிட்டனர். அரசுகள் உலக உணவு வேளாண் அமைப்புக்குக் கொடுத்திருந்த கணக்கைவிட அது சற்றே மிகுதி. அறையில் அமர்ந்தபடி ஒரு கடலின் கரையில் மிகப் பெரும்பகுதியை எண்ணிவிட்டனர். அறிவியலின் இவ்வாற்றலை நாம் வணங்கவே வேண்டும்.

ஆனால் அந்த வானக்கண் எதனைக் காண்கின்றது, எதனைக் காணவில்லை என்று கேட்டல் வேண்டும். கூண்டு ஓரிடத்தில் ஆண்டு முழுவதும் நிற்கும். அதனால் படத்தில் வட்டமாய் விழும். வலை நிற்பதில்லை. விடியுமுன் இறங்கி, ஞாயிறு எழுமுன் ஏறிவிடும். இம்மாதம் ஒரு பாரின்மேல், அடுத்த மாதம் ஒரு சேற்றுத் தரையின்மேல். நூறு தலைமுறைக்காலம் உழுத கடலாயினும் உழுத தடம் நீரில் நிற்பதில்லை. வானிலிருந்து பார்ப்பவனுக்கு அஃது ஆளற்ற வெற்றிடம்.

இது வெறும் ஐயப்பாடன்று. இரவிலும் முகிலூடும் பார்க்கவல்ல கதிரலைக் கோள்களின் படங்களைக் கொண்டு 2017 முதல் 2021 வரை உலகக் கடல்களை ஆராய்ந்த அறிவியலார், பெருந்தொழில் மீன்கலங்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பொதுக் கண்காணிப்பு முறைகளில் தென்படாதவை என 2024-இல் அறிவித்தனர். பெருங்கலங்களின் நிலையே இது. அக்கோள்களின் கண்ணுக்கு 15 மீட்டருக்குக் குறைந்த கலங்கள் செவ்வையாகப் புலப்படுவதில்லை. நம் கட்டுமரமும் வள்ளமும் நாரிழைப் படகும் அவ்வளவுக்கு மிகவும் சிறியவை. அப்படியாயின், கருவி மட்டும் வரைந்த கடற்படத்தில் பண்ணைக்காரன் இருப்பான், கப்பல்காரன் இருப்பான், நம் மீனவன் மட்டும் இரான்.

அளவுகோல் மாறினால் நிலத்தின் கணக்கே மாறும் என்பதற்கு நம் கண்முன்னே சான்று உண்டு. இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516 கிலோமீட்டர் என்றே நாம் பல்லாண்டு பாடஞ்சொல்லி வந்தோம். நுண்ணிய வரைபடங்களைக் கொண்டு அண்மையில் மீண்டும் அளந்தபொழுது அது 11,098 கிலோமீட்டராயிற்று. கரை வளரவில்லை, முன்பு கணக்கில் வாராத வளைவுகளும் கழிகளும் இப்பொழுது வந்தன. பருங்கோலால் அளந்தபொழுது காணாமற்போனது கழி. பருங்கோலால் கடலைப் பகுக்கும்பொழுது காணாமற்போவது குடி.

இனி, அந்த வெற்றிடத்துக்கு என்ன நேரும் என்று பார்ப்போம். கூண்டு ஆழ்கடலில் நிற்பதன்று. அலை அடங்கிய நீர் வேண்டும். நாள்தோறும் தீனி கொண்டுபோக இறங்குதுறை அருகில் வேண்டும். காவலுக்குக் கண்ணெட்டும் தொலைவு வேண்டும். அதாவது கரைக்கு அண்மைக்கடல் வேண்டும். அதுவே சிறுதொழில் மீனவனின் கடல். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல்மைல் தொலைவைப் பொறிப்படகுகள் நுழையாவாறு அவனுக்கென ஒதுக்கியது அக்கருத்து நோக்கியே. பொறிப்படகை வெளியே நிறுத்திய அதே நீருக்குள் கூண்டுகளை நிரலாக நிறுத்தினால், ஒதுக்கிய இடம் எவருக்கு ஒதுக்கியதாகும்?

ஈழத்து வடகரையில் இது நடந்தே விட்டது. கிளிநொச்சி மாவட்டத்துக் கௌதாரிமுனையில் 2021-இல் சீன முதலீட்டோடு கடலட்டைப் பண்ணை எழுந்தபொழுது, தம் நீரில் தம்மைக் கேளாமல் அடைப்பு எழுந்ததென அவ்வூர் மீனவர் முறையிட்டனர். படம் வரைந்து, ஊரைக் கேட்டு, பின் வேலி அடித்திருந்தால் அம்முறையீடு எழுந்திராது. வேலி முன்னே வந்தது. கேள்வி பின்னே வந்தது.

இங்கும் கரைமேல் ஒருமுறை இவ்வாறு நடந்ததை நாம் மறத்தலாகாது. 1990-களில் நாகைக் கரையோர வயல்களில் இறால் பண்ணைகள் பரவின. உவர்நீர் ஊறி விளைநிலமும் குடிநீரும் கெட்டன. சகந்நாதனும் கிருட்டிணம்மாளும் ஏழை உழவரோடு நின்று போராடினர். சகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 திசம்பர் 11-ஆம் நாள் உச்ச வழக்குமன்றம், கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த இறால் பண்ணைகளை 1997 மார்ச்சு இறுதிக்குள் அகற்றுமாறு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் கூரை 2005-இல் வந்த கடலோர நீர்வாழுயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் மழுங்கடித்தது. 2023-இல் வந்த திருத்தம் கடற்கூண்டு வளர்ப்பையும் கடற்பாசி வளர்ப்பையும் அதே ஆணையத்தின்கீழ்க் கொணர்ந்தது. பண்ணை முதலில், அளவை பின்னர், நயன்மை என்றோ ஒருநாள் என்பதே கரைமேல் நாம் கண்ட முறை. கடலிலும் அதே முறையா?

"அப்படியானால் கூண்டுமீன் வளர்ப்பே வேண்டா என்கின்றீரா?" என்று கேட்பார் உளர். இல்லை. கடலில் மீன் குறைந்து வருவதனை மீனவரே சொல்கின்றனர். கிழக்குக் கரையில் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் பொறிப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்நாளில் கூண்டில் வளர்ந்து நிற்கும் மீன் ஒரு குடும்பத்துக்குச் சோறு. மண்டபத்து ஆராய்ச்சி நடுவத்தார் 2010-இல் கடல்விராலை இந்தியாவிலேயே முதன்முறையாகத் தூண்டிக் குஞ்சு பொரிக்கச் செய்தமை பாராட்டத்தக்க அருஞ்செயல். அக்குஞ்சுகள் மீனவர் கூட்டுறவுகளின் கூண்டுகளில் வளர்ந்து, அவர் பெண்டிரின் கையில் காசானால் எவர்க்கு மகிழ்ச்சியில்லை? கேள்வி கூண்டைப் பற்றியதன்று. கூண்டு எவருடையது, எங்கே நிற்கும், எவரைக் கேட்டு நிற்கும் என்பதே. கடல்விரால் ஊனுண்ணி. அதன் தீனி சாளை முதலிய சிறுமீன். தான் எடைகூடும் அளவினும் பன்மடங்கு சிறுமீனை அது தின்னும். ஏழையின் சட்டிக்குச் செல்ல வேண்டிய சாளை, செல்வர் தட்டுக்குச் செல்லும் மீனின் வாய்க்குச் செல்லுமாயின், அக்கணக்கையும் படம் வரைபவர் எழுதிக் காட்டுதல் வேண்டும்.

நமக்குத் துணைவந்த நார்வேயிடம் கற்றுக்கொள்ள வேண்டியன உள. சால்மன் மீன் வளர்ப்பில் உலகின் முதல்நாடு அது. அங்குப் பண்ணைக்கு உரிமம் பெற்ற ஒவ்வோரிடத்துக்கும் எண் உண்டு; எவரும் திறந்து பார்க்கக்கூடிய படத்தில் அது விளங்கும். 2017 முதல் அந்நாட்டுக் கரை 13 விளைவுப் பகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. பண்ணைகளிலிருந்து பரவும் கடற்பேன் காட்டுச் சால்மனை எவ்வளவு மாய்க்கின்றது என்று பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறம் குறிப்பர். பச்சைப் பகுதி வளரலாம், மஞ்சள் நிற்கும், சிவப்பு குறைத்தல் வேண்டும். கரையோர நகராட்சிகளுக்கே தம் அண்மைக்கடலை வகுக்கும் உரிமை உண்டு. அடிக்கோட்டுக்கு அப்பால் ஒரு கடல்மைல் வரை அவ்வுரிமை செல்லும். இவை யாவற்றினும் தலையாயது மற்றொன்று. அந்நாட்டு மீன்வளத்துறை மீனவரை நேரில் கண்டு வினவி, அவர் வலையிடும் இடங்களையும் மீன் முட்டையிடும் இடங்களையும் எழுதிவாங்கிக் கடற்படத்தில் ஏற்றி வைத்துள்ளது. வான்படம் காணாததை மீனவன் வாய் சொல்லிற்று, அரசு எழுதிக்கொண்டது. நார்வேயிடமிருந்து கருவியை மட்டும் வாங்கிக்கொண்டு இவ்வழக்கத்தை அங்கேயே விட்டு வருவோமானால் நம்மினும் பேதையர் இலர்.

நெருக்கிப் பண்ணையிட்டால் என்னாகும் என்பதனைச் சிலி நாடு காட்டிற்று. 2007-இல் அங்குச் சால்மனைத் தாக்கிய நச்சுநோய், இடைவெளியின்றி நெருங்கிக் கிடந்த பண்ணைகளிடையே தீப்போல் பரவி அத்தொழிலையே வீழ்த்தியது. அதன் பின்னரே பண்ணைகளைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒரு தொகுதி முழுவதையும் ஒருங்கே தரிசு விடும் முறையை அந்நாடு கொண்டுவந்தது. நிலத்தைத் தரிசு விடத் தெரிந்த உழவன் நாட்டில், கடலைத் தரிசு விட அயலான் வந்து கற்பிக்க வேண்டியதில்லை.

இங்கே உரிமைச் சிக்கல் ஒன்று உண்டு. அரசமைப்பின்படி மீன்வளம் மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆட்சிக்கடல் எல்லைக்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்பே ஒன்றியப் பட்டியலில் உள்ளது. கரையிலிருந்து 12 கடல்மைல் வரையிலான மீன் நம் மாநிலத்தின் ஆட்சிக்குட்பட்டது என்பதே இதன் பொருள். ஆனால் பணம் நடுவணரசின் திட்டத்திலிருந்து வருகின்றது. 2020-இல் 20,050 கோடி உருபாவுக்கு அறிவித்த அத்திட்டத்தின் பெயரே நம் மீனவர் நாவில் நுழையாத வடசொற்றொடர். சட்டம் தில்லியில் எழுதப்படுகின்றது. படம் கணினிக்குள் வரையப்படுகின்றது. வலை மட்டும் இங்கே இருக்கின்றது. பட்டியலில் உள்ள உரிமையைப் படத்தில் இழந்துவிடக் கூடாது.

படத்தின் மொழியும் சிறிய செய்தியன்று. 2011-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, மீனவர் குப்பங்களையும் அவர்தம் பொதுவிடங்களையும் மீன் உலர்த்தும் களங்களையும் வரைபடங்களில் குறித்தல் வேண்டும் என்றே கூறிற்று. ஆயினும் 2023-இல் தமிழ்நாட்டுக் கடலோர மாவட்டங்களில் வரைவுப் படங்களைப் பற்றிக் கருத்துக் கேட்டபொழுது, தம் இடங்கள் பலவும் படத்தில் இல்லை என்று மீனவர் எழுந்து கூறினர். கரைமேல் கல்லும் மண்ணுமாய்க் கண்ணுக்குத் தெரியும் களமே படத்தில் விடுபடுமாயின், நீருக்கடியில் உள்ள பாரின் கதி என்ன? தூத்துக்குடிக்கு எதிரே தொல்லாயிரம் பார் என்பது முத்துக்குளித்த காலத்திலிருந்து வழங்கும் பெயர். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயரிட்ட மக்கள், கடலடிக்குப் பெயரிடாமலா இருந்தனர்? ஒவ்வோர் ஊரிலும் அத்தகைய பெயர்கள் உள. அவை அகரமுதலிகளில் ஏறவில்லை. அரசு ஆவணங்களிலும் ஏறவில்லை. பெயருள்ள இடத்தை எவனும் வெற்றிடம் என்று சொல்ல இயலாது. பெயர் போனபின் இடம் போவது எளிது.

இவ்விடத்தில் மீனவர் பக்கத்திலிருந்தே எழும் தடை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். "நல்ல பாரின் இடத்தை நாங்கள் வாய்திறந்து சொன்னால், நாளை பொறிப்படகுக்காரன் அங்கு வந்து நிற்பானே?" என்பர். அவ்வச்சம் முற்றிலும் நயமானது. தந்தை மகனுக்கு மட்டும் சொல்லிவைக்கும் மறை அது. அதனால் பார்களின் புள்ளியைக் குறிக்க வேண்டா. பரப்பைக் குறித்தால் போதும். நுண்விளக்கம் ஊரார் கையிலேயே இருக்கட்டும். "இப்பரப்பு இன்ன ஊரார் இன்ன மாதங்களில் வலையிடும் பரப்பு" என்னும் ஒரு வரி அரசுப் படத்தில் ஏறினால், அதுவே வேலிக்கு எதிரான வேலி.

ஆகவே நாம் கேட்பன நான்கு. ஒன்று: எந்தக் கடற்பரப்பையும் பண்ணைக்கு ஒதுக்குமுன் அக்கரையிலுள்ள ஒவ்வொரு மீனவ ஊரும் தன் கடற்படத்தைத் தானே வரைந்து தருதல் வேண்டும், அரசு அதனை ஏற்றல் வேண்டும். இரண்டு: நிற்கின்ற ஒவ்வொரு கூண்டின் எண், உரியவர் பெயர், அளவு, உரிமம் பெற்ற நாள், தீனி, நோய் ஆகியவை ஊராட்சி மன்றத்தில் தமிழில் எழுதித் தொங்கவிடப்படுதல் வேண்டும். மூன்று: பண்ணைகளுக்கிடையே இடைவெளியும், தரிசுக் காலமும், கடற்புல் திட்டுகளிலிருந்து விலக்கும் முன்னரே வரையறுக்கப்படுதல் வேண்டும். நான்கு: உரிமம் அவ்வூர் மீனவர்க்கும் அவர்தம் கூட்டுறவுகளுக்கும் முதலில்; ஊரவையின் இசைவின்றி வெளியார்க்கு இல்லை.

இவற்றை அரசு தானாகத் தரும் என்று காத்திருத்தல் ஆகாது. படித்த தமிழர்க்கு இதில் வேலை உண்டு. கடலோரப் பள்ளிகளில் பணியாற்றும் தமிழாசிரியர்காள்! நிலநூல் ஆசிரியர்காள்! உங்கள் மாணவரிடம் தாளைக் கொடுங்கள். அவர்தம் தந்தையரையும் பாட்டன்மாரையும் கேட்டு, ஊருக்கு எதிரே உள்ள கடலை வரைந்துவரச் சொல்லுங்கள். பெயர்களை அவர்கள் ஒலிக்கும் வண்ணமே எழுதுங்கள். நம் நூலறிவைக் கொண்டு திருத்தாதீர்கள். எந்தப் பரப்பு வெளியே போகலாம், எது ஊருக்குள் இருக்க வேண்டும் என்பதனை அவ்வூர்ப் பெரியவர்களே முடிவு செய்யட்டும். படித்தவன் வேலை எழுதித் தருவது மட்டுமே.

தொல்காப்பியர் காலத்தே நிலத்தை நான்காகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் அதன் மக்களையும் தொழிலையும் சேர்த்தே எழுதிய இனம் நாம். மக்களை நீக்கி நிலத்தைப் பகுக்கும் வழக்கம் நம் இலக்கணத்தில் இல்லை. இன்று நெய்தலைப் பகுக்க வந்தோரிடம் அவ்விலக்கணத்தையே எடுத்துக் காட்டுவோம்.

என் மேசைமேல் கிடக்கும் அத்தாளை வரைந்த மாணவன் இன்று தன் தந்தையின் படகில் செல்கின்றான். பதினேழு பெயர்களும் அவன் நெஞ்சில் உள. அவை அரசின் படத்தில் ஏறும்வரை, வரைபடத்தைச் சுட்டி நெய்தல் பாடம் நடத்தும் தகுதி எனக்கு இல்லை என்றே எண்ணுகின்றேன்.